மோட்டார் எரிவதற்கு முன்: ஆராய்ச்சி கலந்த பொறியியல் திட்டத்துக்கு இலக்கும் தேவையும் எழுதும் முறை

பல ஆண்டுகளுக்கு முன் நான் இடையில் போய்ச் சேர்ந்த ஒரு திட்டத்தில் 84 பக்கத் தேவை ஆவணம் ஒன்று இருந்தது. "கண்டறியும் துல்லியம் 95 சதவீதத்துக்குக் குறையக் கூடாது" என்பது அதில் ஒரு வரி. அந்த வரிக்காக ஆறு பேர் ஓராண்டுக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். 95 எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. பழைய கோப்புகளைப் புரட்டியபோது விடை கிடைத்தது. நிதி கேட்டு எழுதிய முதல் விண்ணப்பத்தில், 90 என்றால் சோப்ளாங்கியாகத் தெரியும், 99 என்றால் நம்ப மாட்டார்கள் என்று யாரோ நடுவில் போட்டுவைத்த எண் அது. போட்டவர் வேலையை விட்டுப் போய் வெகுநாளாகியிருந்தது.

அன்றிலிருந்து எந்த ஆவணத்தைக் கையில் எடுத்தாலும் எண்ணைப் பார்ப்பதற்கு முன் அதற்குப் பக்கத்தில் காரணம் எழுதியிருக்கிறதா என்றுதான் தேடுகிறேன். வழக்கமான பொறியியலில் காரணம் இல்லாமலும் ஓரளவு ஓட்டிவிடலாம். ஐந்து குதிரைத்திறன் மோட்டாரைக் கோயம்புத்தூரில் பல தலைமுறையாகச் செய்கிறார்கள். எந்த எண் எதற்கு என்று பட்டறையில் நிற்கும் பையனுக்கும் தெரியும். ஆராய்ச்சி கலந்த வேலை அப்படி இல்லை. பாதி வழியில் இயற்கை வேறு பதில் சொல்லும், எண்ணை மாற்ற வேண்டி வரும். ஏன் வைத்தோம் என்று தெரியாத எண்ணை மாற்றவும் முடியாது, காப்பாற்றவும் முடியாது.

முறையைச் சொல்ல ஓர் உதாரணத்தைக் கடைசி வரை பிடித்துக்கொள்கிறேன். ஒரு கல்லூரி ஆய்வகம், ஒரு பம்பு உற்பத்தியாளர், நான் என்று மூன்று தரப்பாகச் சேர்ந்து தொடங்கிய வேலை அது. ஆழ்துளைக் கிணற்றுக்குள் இருக்கும் நீர்மூழ்கி மோட்டார் பழுதாகப் போவதை, மேலே மோட்டார் ரூமில் இருக்கும் ஸ்டார்ட்டரில் ஓடும் மின்சாரத்தை மட்டும் பார்த்து முன்கூட்டியே சொல்லும் ஒரு பெட்டி. பல்லடம் பக்கம் 1000 அடி போர் என்பது யாரையும் புருவம் உயர்த்த வைக்காது. 300 மீட்டருக்குக் கீழே உணர்கருவி இறக்கிக் கூடுதல் கேபிள் விட்டால் செலவு மோட்டார் விலையைத் தொட்டுவிடும். அதனால்தான் 'மேலிருந்தே' என்ற நிபந்தனை.

முதல் படி: இலக்கை ஒரே வாக்கியத்தில், கருவியின் பெயர் இல்லாமல்

எங்கள் முதல் இலக்கு வாக்கியம் "செயற்கை நுண்ணறிவு கொண்ட மோட்டார் கண்காணிப்புப் பெட்டி உருவாக்குதல்" என்று இருந்தது. இது இலக்கே அல்ல, தீர்வின் விளம்பரம். பெட்டி உருவாகிவிட்டால் இலக்கு நிறைவேறிவிட்டது என்று கணக்கை முடித்துவிடலாம், தோட்டத்தில் மோட்டார் எரிந்துகொண்டே இருக்கும்.

மூன்று கூட்டங்களுக்குப் பின் வந்த வாக்கியம் இது: "மோட்டார் திடீரென நின்று பயிர் காயும் நிலை விவசாயிக்கு வராமல், பழுதை அவர் தன் வசதிக்கேற்ற நாளில் சரிசெய்துகொள்ள முடிய வேண்டும்." பெட்டி, மென்பொருள், நுண்ணறிவு என்று ஒரு சொல்லும் இதில் இல்லை. யாருடைய வாழ்க்கையில் என்ன மாற வேண்டும் என்பது மட்டும் இருக்கிறது.

இலக்கு தெளிவாக இருந்தால் வடிவம் தானாக எப்படி உருண்டு வரும் என்பதற்கு மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினால் ஒரு சான்று நிற்கிறது. ஊட்டி அருகே முத்தோரைச் சரிவில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் குழு 1970-இல் கட்டி முடித்த ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அவர்கள் "பெரிய தொலைநோக்கி வேண்டும்" என்று தொடங்கவில்லை. தொலைவிலுள்ள ரேடியோ மூலங்களின் கோண அளவைத் துல்லியமாக அளக்க வேண்டும். அதிலிருந்து பிரபஞ்சத்தின் வரலாற்றைப் பற்றிய அன்றைய வாதத்துக்கு ஒரு பதில் தேட வேண்டும் என்பதே கேள்வி.

அதற்கு அவர்கள் பிடித்த வழி நிலா. நிலா எங்கே இருக்கிறது என்பது எந்த நொடியிலும் துல்லியமாகத் தெரியும். அது ஒரு மூலத்தை மறைக்கும்போது சமிக்ஞை மங்கும் விதத்திலிருந்து அந்த மூலத்தின் இடத்தையும் அளவையும் கணக்கிடலாம். அப்படியானால் தொலைநோக்கி நிலாவைப் பல மணி நேரம் விடாமல் தொடர வேண்டும். தொடர்வதை எளிதாக்க, கருவியின் நீண்ட அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். அப்போது ஒரே அச்சில் திருப்பினால் போதும். அச்சு இணையாக வேண்டுமென்றால் தரை, அந்த இடத்தின் அட்சரேகை அளவுக்குச் சாய்ந்திருக்க வேண்டும். ஊட்டியின் அட்சரேகை ஏறக்குறைய 11 பாகை. அரைக் கிலோமீட்டர் நீளக் கருவியைச் சாய்வான கோபுரத்தில் தூக்கி நிறுத்துவது ஆகாத காரியம். வடக்கு தெற்காக 11 பாகை சரிந்த மலையைத் தேடுவது ஆகும் காரியம். தேடினார்கள், கிடைத்தது. அந்தத் தொலைநோக்கி அச்சில் திரும்பி நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்பதரை மணி நேரம் வானத்தைத் தொடர்கிறது. கேள்வியிலிருந்து மலைச்சரிவு வரை ஒவ்வொரு கண்ணியும் முந்தைய கண்ணியிலிருந்து தொங்குகிறது. உங்கள் ஆவணத்தில் எந்த வரியை இழுத்தாலும் இப்படி ஒரு சங்கிலி மேலே போய் இலக்கில் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டாவிட்டால் அந்த வரியை அடித்துவிடலாம்.

இரண்டாம் படி: யாரெல்லாம் சம்பந்தப்பட்டவர்கள்

காசு கொடுப்பவரையும் பயன்படுத்துபவரையும் எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். விட்டுப்போகிறவர்கள் இரண்டு வகை.

முதல் வகை, வேலையின் ஓரத்தில் இருப்பவர்கள். எங்கள் கதையில் காயில் கட்டும் மெக்கானிக், போரிலிருந்து மோட்டாரைக் கழற்றித் தூக்கும் வண்டிக்காரர், மின்வாரிய ஊழியர், இரவில் ஸ்டார்ட்டரைப் போடும் பண்ணையாள். மெக்கானிக்கின் கையில்தான் உண்மை இருக்கிறது. எரிந்த மோட்டாரைத் திறந்து பார்க்கிறவர் அவர் ஒருவரே. அவர் எந்தச் சொல்லில் பழுதை வகைப்படுத்துகிறாரோ அதுதான் எங்கள் ஆய்வுத் தரவின் தலைப்பாக வரப்போகிறது. ஆனால் எங்கள் முதல் பட்டியலில் அவர் இல்லை.

இரண்டாம் வகை, மேசையில் இடமே கொடுக்கப்படாதவர்கள். திருப்பூர் சாயத் தொழில் வளர்ந்த காலத்தில் நிறம் நன்றாக ஏற வேண்டும், சீக்கிரம் முடிய வேண்டும், விலை குறைய வேண்டும் என்ற தேவைகள் மேசையில் இருந்தன. நொய்யலின் கீழ்ப்பகுதி விவசாயி மேசையில் இல்லை. சென்னிமலை அருகே பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது சாயக்கழிவும் உப்பும். அந்த விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில், கழிவு வெளியேற்றம் பூஜ்ஜியம் என்ற நிபந்தனையை நிறைவேற்றாத சாய ஆலைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தொடக்கத்தில் ஒரு வரியாக வந்திருக்க வேண்டிய தேவை, இருபது ஆண்டு கழித்து ஊரையே நிறுத்தும் உத்தரவாக வந்தது. பூஜ்ஜியம் என்ற எண்ணுக்குக் காரணம் யாரும் கேட்கத் தேவையில்லாமல் அணையிலேயே நின்றிருந்தது என்பது வேறு விஷயம்.

மூன்றாம் படி: களத்தில் ஒரு முழு நாள்

அலுவலகத்தில் உட்கார்ந்து "பயன்பாட்டுச் சூழல்" என்று தலைப்புப் போட்டு எழுதாதீர்கள். போய் ஒருநாள் இருங்கள். இரவும் இருங்கள்.

ஒரு சித்திரை மாதம் பல்லடம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் தங்கினேன். ராத்திரி ஒன்றே முக்கால் மணிக்கு மும்முனை மின்சாரம் வந்தது. சாளையில் கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஆட்டோ ஸ்விட்ச் தானாக மோட்டாரைப் போட்டுவிட்டது. மோட்டார் ரூம் என்பது எட்டுக்கு ஆறு அடியில் ஒரு தகரக் கொட்டகை. பகல் சூடு இன்னும் உள்ளே இருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தேன்: 415 இருக்க வேண்டிய இடத்தில் 350 வோல்ட். மின்னழுத்தம் இறங்கினால் அதே சுமைக்கு மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும், சூடாகும். ஸ்டார்ட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு பல்லி, கான்டாக்டருக்கு நடுவில் ஒட்டிக்கொண்டு கருகிப்போயிருந்தது. எறும்பு வேறு.

மறுநாள் பக்கத்துத் தோட்டத்தில் இன்னொன்று பார்த்தேன். ஒரு முனை இல்லாத நேரத்தில் கண்டென்சர் போட்டு மோட்டாரை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இது விதிப்படி கூடாது, மோட்டாருக்கும் ஆகாது. ஆனாலும் தண்ணீர் வேண்டுமே. எங்கள் பெட்டி இதைப் பார்த்தால் 'மோட்டார் செத்துக்கொண்டிருக்கிறது' என்று கத்தும். கூட்டத்தில் கேட்டிருந்தால் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த ஒரு இரவும் ஒரு பகலும் எங்களுக்கு ஒன்பது தேவைகளைத் தந்தன: சூடு, பூச்சி, தாழ்ந்த மின்னழுத்தம், தானியங்கித் தொடக்கம், கண்டென்சர் ஓட்டம் என்று. அலுவலகத்தில் எழுதிய நாற்பதில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

நான்காம் படி: இலக்கை எண்ணாக மாற்றுவது

இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று போகிறேன்.

எங்கள் கூட்டத்திலும் அந்த 95 எட்டிப் பார்த்தது. "துல்லியம் 95 சதவீதம் என்று வைக்கலாமா?" என்றார் ஆய்வகத் தம்பி. ஒரு மோட்டார் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 1000 நாளுக்கு ஒருநாள். எதுவுமே செய்யாமல், எதுவுமே சொல்லாமல் சுவரில் தொங்கும் ஒரு வெற்றுப் பெட்டி 1000-இல் 999 நாள் சரியாக இருக்கும். 99.9 சதவீதத் துல்லியம்! நம்முடைய இலக்கைவிட அந்த வெற்றுப் பெட்டி மேலானது. அரிதாக நடப்பதைக் கண்டுபிடிக்கும் எந்தக் கருவிக்கும் 'துல்லியம்' என்ற ஒற்றை எண் பயன்படாது.

இரண்டு எண் வேண்டும். உண்மையான பழுதில் எத்தனையைப் பிடிக்கிறது என்பது ஒன்று. இல்லாத பழுதை எத்தனை முறை சொல்கிறது என்பது இன்னொன்று. இரண்டையும் யார் தீர்மானிப்பது? அந்தத் தென்னந்தோப்புக்காரரிடம் பேசியபோது அவர்தான் எங்களைத் திருப்பிக் கேட்டார்: "ஏனுங்க தம்பி, மோட்டார் கெடப்போகிறது என்று உங்கள் பெட்டி சொன்னால் நான் என்ன செய்ய வேண்டும்? வண்டியைக் கூப்பிட்டுக் கழற்ற வேண்டுமா? கழற்றிப் பார்த்து நன்றாக இருந்தால் கூலி யார் கொடுப்பது?"

கழற்றி இறக்குவது ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்கில் செலவு. வருடத்துக்கு ஒருமுறை பொய் சொன்னால் பொறுத்துக்கொள்வேன், மூன்று முறை சொன்னால் வயரைப் பிடுங்கி எறிந்துவிடுவேன் என்றார். வேறு சில தோட்டங்களிலும் ஏறக்குறைய இதே பதில். ஆக, ஒரு மோட்டாருக்கு ஆண்டுக்கு ஒரு பொய் எச்சரிக்கைக்கு மேல் கூடாது. பெட்டி தினம் ஒருமுறை தீர்ப்புச் சொல்கிறதென்றால் 365-இல் ஒன்று, அதாவது நாளொன்றுக்கு 0.27 சதவீதம். நாங்கள் வைக்கவிருந்த 95 சதவீதத்தை 'தினமும் 5 சதவீதம் தவறலாம்' என்று யாராவது எடுத்துக்கொண்டிருந்தால் ஆண்டுக்குப் பதினெட்டு பொய். முதல் கோடை முடிவதற்குள் எல்லாத் தோட்டத்திலும் வயர் பிடுங்கப்பட்டிருக்கும்.

முன்னறிவிப்பு எத்தனை நாள் வேண்டும் என்பதும் இப்படியே. ஆய்வகம் 30 நாள் என்றது. ஏனென்றால் 30 நல்ல எண். தோட்டத்தில் கணக்குப் போட்டோம். கோடையில் கழற்றும் வண்டி கிடைக்க மூன்று நாள் ஆகலாம். காயில் கட்ட இரண்டு நாள். திரும்ப இறக்க ஒருநாள். ஒருநாள் மிச்சம். ஏழு நாள். முப்பதிலிருந்து ஏழுக்கு இறங்கியதில் ஆராய்ச்சியின் கடினம் எவ்வளவு குறைந்தது என்பது அந்தத் துறையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

எண் கிடைத்த பின் அதைப் பங்கு பிரிக்க வேண்டும். பேரிங், காயில், ரோட்டார் (மோட்டாருக்குள் சுழலும் பகுதி) என்று மூன்று பழுதுக்கு மூன்று பேர் தனித்தனியாகக் கணிப்புமுறை எழுதுகிறார்கள். மூவரும் 'ஆண்டுக்கு ஒரு பொய்' என்று படித்தால் விவசாயிக்கு மூன்று வரும். அதனால் காயிலுக்கு 0.4, பேரிங்குக்கு 0.3, ரோட்டாருக்கு 0.1 என்று பிரித்து, 0.2-ஐ யாருக்கும் கொடுக்காமல் கையில் வைத்தோம். வீட்டுச் செலவில் அம்மா அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கும் பணம் மாதிரி. ஆராய்ச்சித் திட்டத்தில் இந்த மிச்சம் கட்டாயம். யாரோ ஒருவர் நிச்சயம் வந்து கேட்பார்.

ஐந்தாம் படி: தெரிந்தது, தெரியாதது, தேடப்போவது

தேவைகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

கடையில் கிடைப்பது முதல் குவியல். ஒரு முனை அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் ரிலே வெகுகாலமாக விற்கிறது. தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே ஓடினால் நிறுத்தும் கருவியும் அப்படியே. இவற்றை வாங்கி மாட்டினால் போதும். ஆராய்ச்சி நிதியில் இவற்றைத் திரும்பக் கண்டுபிடிப்பது இங்கே ஒரு வியாதி.

இரண்டாம் குவியல், கணக்குப் போட்டால் தெரிந்துவிடுவது. ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் காட்டுகிறேன். நீர்மூழ்கி மோட்டார் பெரும்பாலும் இரண்டு துருவம் கொண்டது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் காந்தப்புலம் நிமிடத்துக்கு 3000 சுற்று சுழல்கிறது. ரோட்டார் சுமையோடு 2880 சுற்றுதான் ஓடுகிறது. அந்த 120 சுற்றுப் பின்தங்கல், 4 சதவீதம், நழுவல் எனப்படும். ரோட்டார் கம்பி ஒன்று விண்டுவிட்டால் மின்னோட்டத்தின் அலைவெண் வரைபடத்தில் 50-க்கு இருபுறமும், நழுவலின் இருமடங்கு தள்ளி, சின்ன முனைகள் எழும். 50-இல் 8 சதவீதம் 4. ஆகவே 46, 54 ஹெர்ட்ஸ். தெளிவாகப் பார்க்கலாம். ஆனால் போரில் தண்ணீர் இறங்கிச் சுமை குறைந்தால் நழுவல் 1 சதவீதம்வரை வரலாம். அப்போது முனைகள் 49, 51-க்கு நகர்ந்து, 50-இன் பெரிய மலையடிவாரத்தில் ஒளிந்துகொள்ளும். அவற்றைப் பிரித்துப் பார்க்க ஒரு ஹெர்ட்ஸில் பத்தில் ஒரு பங்கு நுணுக்கம் வேண்டும் என்றால், குறைந்தது 10 விநாடி இடைவிடாத பதிவு தேவை. இது கணிதம், பேரம் பேச முடியாது.

இன்னொரு சிக்கலும் உடனே தெரிகிறது. இந்திய மின்தொகுப்பின் அலைவெண் 49.90 முதல் 50.05 வரை இருக்கலாம் என்பது விதி. நாம் தேடும் நுணுக்கமே 0.1. ஆகவே பெட்டி '50' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஒவ்வொரு பதிவிலும் அலைவெண்ணைத் தானே அளக்க வேண்டும். பத்து நிமிடக் காகிதக் கணக்கில் இரண்டு தேவைகள் பிறந்துவிட்டன. பெட்டியைச் செய்து மாட்டிய பிறகு இதைக் கண்டுபிடித்திருந்தால் ஒரு கோடை போயிருக்கும்.

மூன்றாம் குவியல்தான் உண்மையான ஆராய்ச்சி. காயிலின் மின்காப்பு கெடத் தொடங்குவது, எரிவதற்கு எத்தனை நாள் முன்னால் ஸ்டார்ட்டர் மின்னோட்டத்தில் தெரியும்? தெரியாது. இந்த இடத்தில் எண்ணைப் போட்டு மழுப்பாதீர்கள். சதுர அடைப்புக்குறி போட்டு வெற்றிடம் விடுங்கள்: "[ ] நாள்". பக்கத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள். இதை நிரப்பப் போகிறவர் யார், எந்தச் சோதனையால், எந்தத் தேதிக்குள். நாலாவதாக ஒன்றும் சேர்ப்பேன்: விடை எந்த அளவுக்குக் கீழே வந்தால் திட்டத்தின் அந்தப் பகுதியைக் கைவிடுவோம். எங்களுக்கு அது மூன்று நாள். அதற்குக் கீழே வண்டிகூடக் கிடைக்காது. கைவிடும் எல்லையை ஆசை வருவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். வேலை சூடு பிடித்த பின் யாரும் எழுத மாட்டார்கள்.

ஒவ்வொரு தொழில்நுட்பமும் எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று குறிக்க நாசா வழக்கத்துக்குக் கொண்டுவந்த ஒன்பது நிலை அளவுகோல் உதவும். அடிப்படைக் கொள்கை தெரிந்திருப்பது ஒன்று, உண்மையான சூழலில் ஓடி நிரூபித்திருப்பது ஒன்பது. ஆய்வகம் தன்னை ஒரு படி கூட்டித்தான் சொல்லும். குறைத்தே குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: வாக்கியமாக எழுதுவது

இது எளிது. எந்தச் சூழலில், எது, என்ன செய்ய வேண்டும், எந்த அளவுக்குள். ரோல்ஸ் ராய்ஸ் பொறியாளர்கள் 2009-இல் இதற்கென ஒரு வாக்கிய வார்ப்பை வெளியிட்டார்கள். இயர்ஸ் என்று அழைக்கிறார்கள். தமிழில் சூழல் முன்னாலும் வினை கடைசியிலும் வருவதால் அந்த வார்ப்பு நமக்கு இயல்பாகவே பொருந்துகிறது:

"மோட்டார் நிலையாக ஓடிக்கொண்டிருக்கும்போது, பெட்டி நாளொன்றுக்குக் குறைந்தது ஒருமுறை மின்னோட்டத்தை 10 விநாடி இடைவிடாமல் பதிவு செய்ய வேண்டும்."

ஒரு வாக்கியத்தில் ஒரு வினை. 'எளிதாக', 'விரைவாக', 'தேவைப்பட்டால்', 'முடிந்தவரை' ஆகிய நான்கும் ஆவணத்துக்குள் வரக் கூடாது. 'மேலும்' வந்தால் அங்கே இரண்டு தேவை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள், பிரித்துவிடுங்கள்.

ஏழாம் படி: காரணமும் அனுமானமும்

ஒவ்வொரு தேவைக்கும் கீழே நான்கு வரி. காரணம் என்ன, எதை நம்பி எழுதினோம், எப்படிச் சோதிப்போம், யார் மாற்றலாம். மேலே சொன்ன வாக்கியத்துக்கு எங்கள் நோட்டில் இருப்பது இது. காரணம்: நழுவல் 1 சதவீதத்திலும் பக்க முனைகள் பிரிந்து தெரிய வேண்டும். அனுமானம்: மோட்டார் 50 ஹெர்ட்ஸ் மின்தொகுப்பில் நேரடியாக ஓடுகிறது, சூரிய மின்சார இயக்கியில் அல்ல. சோதனை: ரோட்டாரில் ஒரு கம்பியை அறுத்த மோட்டாரைப் பரிசோதனைக் கிணற்றில் ஓட்டுவது. மாற்றும் உரிமை: ஆய்வகத் தலைவரும் நானும் சேர்ந்து.

அனுமான வரியைத்தான் எல்லோரும் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். அதற்கு மிகப் பெரிய விலை கொடுத்தது ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட். 1996 ஜூன் 4, முதல் பயணம், புறப்பட்டு ஏறக்குறைய 40 விநாடியில் சிதறியது. அதன் திசையறி மென்பொருள் ஏரியான் 4-லிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை 64 பிட்டிலிருந்து 16 பிட்டுக்குச் சுருக்கும் இடம் அதில் இருந்தது. 16 பிட்டில் 32,767-க்கு மேல் கொள்ளாது. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வளரவே வளராது. புதிய ராக்கெட்டின் பாதை வேறு. எண் வளர்ந்தது, கணினி திகைத்து நின்றது. பழைய ராக்கெட்டுக்காகப் போட்ட அந்தச் செயல்பாடு புதியதில் புறப்பட்ட பின் தேவையே இல்லை என்பது இன்னும் வயிற்றெரிச்சல். மென்பொருள் தன் தேவையைச் சரியாகத்தான் நிறைவேற்றியது. எந்தப் பாதையை நம்பி அது எழுதப்பட்டதோ அந்த வரிதான் புதிய ராக்கெட்டோடு பயணிக்கவில்லை.

எங்கள் நோட்டில் 'சூரிய மின்சார இயக்கியில் அல்ல' என்ற நாலு சொல் இருப்பது அதனால்தான். தோட்டங்களில் சூரிய பம்பு வரத் தொடங்கிவிட்டது. அங்கே அலைவெண் வெயிலைப் பொறுத்து ஏறி இறங்கும். 10 விநாடிக் கணக்கு அப்படியே செல்லாது. நாளை யாராவது எங்கள் பெட்டியை அங்கே கொண்டுபோய் மாட்டினால் இந்த வரியாவது அவர்களைத் தடுக்கட்டும்.

எட்டாம் படி: இருவர் கைமாறும் இடம்

1999 செப்டம்பரில் செவ்வாயை அடைந்த ஒரு நாசா விண்கலம் அங்கேயே தொலைந்தது. தரையிலிருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கை பவுண்டு-விசை விநாடியில் கொடுத்தது. வாங்கிய குழு அதை நியூட்டன் விநாடி என்று எடுத்துக்கொண்டது. 4.45 மடங்கு வித்தியாசம். நாம் சிரிக்க முடியாது. நம் ஊரில் போரின் ஆழம் அடியில், பம்பு தண்ணீரைத் தூக்கும் உயரம் மீட்டரில், மோட்டார் குதிரைத்திறனில், மின்சாரம் கிலோவாட்டில் இருக்கிறது, தண்ணீரோ இஞ்சில். "எனக்கு ரெண்டு இஞ்ச் தண்ணீர் வருகிறது" என்றால் இரண்டு இஞ்ச் குழாய் நிறைய வருகிறது என்று அர்த்தம். எந்த வேகத்தில் என்பது அவர் கண்ணில் இருக்கிறது. எங்கள் ஆய்வகத் தம்பி ஒருவர் அதை அப்படியே அட்டவணையில் '2' என்று ஏற்றிவிட்டார். இரண்டு வாரம் அந்தத் தரவு லிட்டர் என்று நடமாடியது.

இரண்டு குழு சந்திக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தனித்தாள் போடுங்கள். என்ன கைமாறுகிறது, எந்த அலகில், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை, வராவிட்டால் என்ன செய்வது. இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். பெரிய திட்டங்கள் உள்ளே உடைவதைவிட இந்த ஓரங்களில்தான் அதிகம் உடைகின்றன.

ஒன்பதாம் படி: எப்படிச் சோதிப்பது என்று முதலிலேயே எழுதுவது

சோதிக்க வழி தெரியாத தேவை வெறும் ஆசை. 'ஆண்டுக்கு ஒரு பொய் எச்சரிக்கைக்கு மேல் கூடாது' என்று எழுதிவிட்டோம். ஒரே மோட்டாரை ஓராண்டு பார்த்து ஒரு பொய்யும் வராவிட்டால் நிரூபணமா? இல்லை, அதிர்ஷ்டமாக இருக்கலாம். முப்பது மோட்டாரை ஓராண்டு பார்த்தால் ஓரளவு நம்பலாம். அதில் ஒரு கோடை முழுதும் அடங்க வேண்டும். ஆக இந்த ஒரு வரி முப்பது பெட்டி, முப்பது தோட்டம், ஒரு கோடை என்ற செலவைத் தன்னோடு இழுத்து வருகிறது. அதைத் திட்டத்தின் முதல் மாதத்தில் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு கேள்விகளையும் குழப்பாதீர்கள். எழுதியபடி செய்தோமா என்பது ஒன்று; எழுதியதே சரியா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஆய்வகம் பதில் சொல்லும். இரண்டாவதற்கு அந்தத் தென்னந்தோப்புக்காரர்தான் சொல்ல வேண்டும், அவரிடம் 0.27 சதவீதம் பற்றிப் பேசி ஒரு பயனும் இல்லை. பெட்டி சொன்ன பின் அவர் வண்டிக்காரருக்கு அழைத்தாரா, இல்லையா என்று மட்டும் பாருங்கள்.

பத்தாம் படி: மாறும்போது

முதல் கோடை முடிந்து மூன்று தரப்பும் உட்கார்ந்தோம். சதுர அடைப்புக்குறி ஒன்று நிரம்பியிருந்தது, நாங்கள் விரும்பிய மாதிரி அல்ல. காயில் பழுதை ஏழு நாள் முன்னால் சொல்ல முடியவில்லை. நம்பத்தக்க வகையில் கிடைத்தது நான்கு நாள்தான். பழைய திட்டமாக இருந்தால் மூன்று மாதம் சண்டை நடந்திருக்கும்.

நோட்டைத் திறந்தோம். ஏழுக்குக் கீழே காரணம் இருந்தது: வண்டி மூன்று, காயில் இரண்டு, இறக்க ஒன்று, மிச்சம் ஒன்று. காயில் கட்டும் இரண்டு நாளைக் குறைக்க முடியாதா என்று மெக்கானிக்கை அழைத்துக் கேட்டோம். மாற்று மோட்டார் ஒன்று தயாராக இருந்தால் அன்றே இறக்கிவிடலாமே, பழையதை நான் ஆறஅமரக் கட்டிக்கொள்கிறேன் என்றார். பம்பு உற்பத்தியாளர் வட்டாரத்துக்கு இரண்டு மாற்று மோட்டார் வைக்க ஒப்புக்கொண்டார். வண்டி மூன்று, கழற்றி இறக்க ஒன்று. நான்கு. மிச்சமாக இருந்த ஒருநாள் காணாமல் போனது. அதை ஆய்வகத் தம்பி சிவப்பு மையில் எழுதி, மாற்றியவர் பெயரும் தேதியும் போட்டார். கூட்டம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. பேரிங் வரிசையில் அடைப்புக்குறி இன்னும் காலியாக இருக்கிறது. தை மாதம் வரை அவகாசம்.